லவுஞ்ச் சாப்பாடும் ஒப்பந்தத் தாளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விமானப் பயணிகளின் உணவைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல், பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சில் கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றியவை. ஒப்பந்தச் சமையலறைகளில் உணவுத் தர ஆய்வாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: லவுஞ்சின் வாசலில் விமான நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. சாப்பாடு சரியில்லை என்று சொன்னால், ‘சமையல் எங்கள் பொறுப்பில் இல்லை’ என்கிறார்கள். அப்படியானால் அது யார் பொறுப்பு?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தப் பதிலோடு உங்களை அனுப்பி வைப்பது நியாயமில்லை.

விமான நிறுவனம் தானே லவுஞ்ச் நடத்துவது பழைய வழக்கம். 1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்மிரல்ஸ் கிளப்பைத் திறந்தபோது, வருகிறவர்கள் அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்து அழைத்த விருந்தினர்களாக இருந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். 1992-இல் பிரையாரிட்டி பாஸ் தொடங்கிய பிறகு, எந்த விமானத்தில் போகிறவரும் ஓர் அட்டையை நீட்டி உள்ளே நுழைய முடிந்தது. 1998-இல் ஹாங்காங்கில் தொடங்கிய பிளாசா பிரீமியம், விமான நிறுவனம் எதையும் சாராமல் லவுஞ்ச் நடத்துவதையே தொழிலாகக் கொண்டது. இன்று விமான நிலையம் இடத்தை வாடகைக்குக் கொடுக்கிறது. லவுஞ்சை ஒரு நிறுவனம் நடத்துகிறது. உணவை அது இன்னொரு கேட்டரிங் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விடுகிறது. அந்த நிறுவனம் இனிப்பையோ ரொட்டியையோ வேறொருவரிடம் வாங்குகிறது. கிரெடிட் கார்டு கொடுத்த வங்கி, ஒவ்வொரு நுழைவுக்கும் இடைத்தரகர் வழியாக ஒரு தொகையைச் செலுத்துகிறது. உங்கள் தட்டில் விழும் உணவுக்கும் உங்கள் கார்டுக்கும் நடுவில் நான்கைந்து கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் அடுப்புக்கு வந்து சேர்கிறது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால், பெயர்ப்பலகை யாருடையதோ அவருடையது என்றே நான் சொல்வேன். சமையலை வேறொருவருக்கு விட்டுவிடலாம். உங்களுக்குக் கொடுத்த வாக்கை அப்படி விட முடியாது.

கேள்வி: நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் நன்றாக இருந்த அதே லவுஞ்சில் இன்று சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. நடத்துகிறவர்கள் மாறவில்லை, சமையல் நிறுவனமும் மாறவில்லை. பிறகு எது மாறியது?

கூட்டம் மாறியிருக்கும். ஒப்பந்தம் மாறாமல் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் விளைவு இப்படித்தான் இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று வகை ஒப்பந்தங்கள் பரவலாக உண்டு. முதலாவது, தலைக்கு இவ்வளவு என்பது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒப்பந்ததாரருக்கு ஒரே தொகை. ஒருவர் காபி மட்டும் குடித்தாலும் அதே தொகை, மூன்று முறை தட்டை நிரப்பினாலும் அதே தொகை. செலவு போக மிச்சம் அவருக்கு லாபம் என்பதால், மிச்சம் பிடிப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். இரண்டாவது, ஆன செலவைக் கணக்குக் காட்டி, அதன் மேல் நிர்வாகக் கட்டணம் பெறுவது. இதில் சமையல்காரருக்குக் கை தாராளம். ஆனால் கணக்கைச் சரிபார்க்க லவுஞ்ச் நடத்துகிறவரிடம் விவரம் தெரிந்த ஆள் இருந்தாக வேண்டும். மூன்றாவது, மாதத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசிவிடுவது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தால், கூடுதலாக வருகிற ஒவ்வொருவரும் ஒப்பந்ததாரருக்கு நட்டம். கூட்டம் பெருகிய காலத்தில் சாப்பாட்டை அதிகம் கெடுத்தது இந்த மூன்றாவது வகைதான் என்பது என் அனுபவம்.

கூட்டம் உண்மையிலேயே பெருகிவிட்டது. கார்டு நிறுவனங்களே லவுஞ்ச் கட்டத் தொடங்கின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் முதல் சென்ச்சூரியன் லவுஞ்ச் 2013-இல் லாஸ் வேகாஸில் திறந்தது. நெரிசல் தாங்காமல், 2025 பிப்ரவரி முதல் டெல்டா விமான நிறுவனம், குறிப்பிட்ட கார்டு வைத்திருப்பவர்கள் தன் லவுஞ்சுக்கு ஆண்டுக்கு இத்தனை முறைதான் வரலாம் என்று எண்ணிக்கை வகுத்தது. அந்த அளவுக்கு ஆள் வரும் இடங்களில், கூட்டம் இல்லாத காலத்தில் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ ஓட்ட வேண்டியிருக்கிறது. எண்ணெய், பால், காய்கறி விலை ஏறினால் ஒப்பந்தத் தொகையும் ஏறும் என்ற ஒரு வரி அதில் இல்லையென்றால், விலையேற்றம் முழுவதையும் தட்டுதான் சுமக்கும்.

தரம் ஒரே நாளில் விழுந்துவிடாது என்பதால்தான் பலர் கவனிப்பதில்லை. முதலில் பழம் மாறும்: நான்கு வகைப் பழத்தில் இரண்டு நின்று, தர்பூசணியும் முலாம்பழமும் மட்டும் மிஞ்சும். பிழிந்த சாறு இருந்த இடத்தில் சாறு கலவை இயந்திரம் வந்து நிற்கும். முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வகைகள் காணாமல் போகும். இறைச்சித் துண்டுகள் சிறுத்து, அவற்றைச் சுற்றியுள்ள குழம்பு பெருகும். பெரிய தட்டுகள் போய்ச் சிறிய தட்டுகள் வரும். பரிமாறும் கரண்டியும் சிறியதாகும். பட்டியலில் உணவுகளின் எண்ணிக்கை மட்டும் குறையாது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ‘சூடான உணவு ஆறு வகை’ என்று எண்ணிக்கைதான் எழுதியிருக்கும். ஆறு வகையும் இருக்கின்றனவா என்று பார்க்க வருகிறவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார்.

கேள்வி: காலை ஆறு மணிக்கு வைத்த உணவு பதினொரு மணிக்கும் அதே பாத்திரத்தில் இருக்கிறது. ஆவி வருகிறது, ஆனாலும் பயமாக இருக்கிறது. சாப்பிடலாமா?

உங்கள் பயம் நியாயமானது. ஆவி வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது கீழ்த்தட்டில் உள்ள வெந்நீரின் ஆவியாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பான உணவுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து அடிப்படை அறிவுரைகளில் ஒன்று வெப்பநிலையைப் பற்றியது. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிராக வைக்கும் உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. சூட்டுக்கான எண் நாட்டுக்கு நாடு சற்று மாறும்; பிரிட்டனில் 63, அமெரிக்காவில் 57. எல்லா விதிகளும் அடிப்படையில் சொல்வது ஒன்றே: இடைப்பட்ட வெப்பத்தில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும், சில வகைகள் நச்சையும் உண்டாக்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஸ்போர்கள், அதாவது விதைபோல் உறங்கிக் கிடக்கும் நுண்வடிவங்கள், கொதிக்க வைத்தாலும் சாவதில்லை; சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகும். வாந்தியை வரவழைக்கும் அதன் நச்சு, மறுபடி சுட வைத்தாலும் அழியாது. ஆறிப்போன சோற்றை மீண்டும் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இதனால்தான் ஆபத்தானது.

நான் ஆய்வுக்குப் போன ஒரு லவுஞ்சில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆழமான பாத்திரத்தில் சோறு குவிந்திருந்தது. கீழே வெந்நீர்த் தட்டு, அதற்கடியில் எரியும் ஜெல் டப்பா. வெப்பமானியைப் பாத்திரத்தின் ஓரத்தில் செருகியபோது 66 காட்டியது, குவியலின் நடுவில் செருகியபோது 44 காட்டியது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. பாத்திரம் காலியாகும் முன்பே புதுச் சோற்றைப் பழைய சோற்றின் மேல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் இருந்தது எப்போது வைத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மணிக்கொரு முறை வெப்பநிலை எழுத வேண்டிய பதிவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று எல்லாக் கட்டங்களிலும் 65 என்று ஒரே மையில் எழுதியிருந்தது. இன்னும் வராத பன்னிரண்டு மணிக் கட்டத்திலும் 65 இருந்தது.

அந்தத் தாளை எழுதிய இளைஞரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு அந்த ஷிப்டில் அவரோடு சேர்த்து இரண்டே பேர். தட்டு எடுப்பதும் மேசை துடைப்பதும் காபி இயந்திரத்தில் பால் நிரப்புவதும் அவர்கள் வேலைதான். எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்ற கணக்கே ஒப்பந்தத்தில் இல்லை. ஆய்வறிக்கையில் சோற்றின் வெப்பநிலையைவிட இதைத்தான் முதலில் எழுதினேன்.

இது கற்பனைப் பயமில்லை என்பதற்குச் சான்றாக, 1975 பிப்ரவரியில் நடந்ததை உணவுத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். டோக்கியோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஏற்றிய ஆம்லெட்டைச் சாப்பிட்டவர்களில் 196 பயணிகள் நோயுற்றார்கள். 140-க்கும் மேற்பட்டோர் கோபன்ஹேகனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையல்காரர் ஒருவரின் விரலில் இருந்த சீழ்ப்புண்ணிலிருந்து ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, ஆம்லெட்டோடு வைத்த பன்றி இறைச்சித் துண்டுகளுக்குப் போயிருந்தது. அதன் பிறகு அந்த உணவு பல மணி நேரம் போதிய குளிர்ச்சி இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது. புண் ஒரு தவறு, கிடந்த நேரம் இன்னொரு தவறு. இரண்டாவது தவறு நடக்காமல் இருந்திருந்தால் அத்தனை பேர் படுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, நீங்கள் உள்ளே போகும்போது பாத்திரம் பாதி காலியாகி, ஓரங்களில் உணவு காய்ந்து ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். சமையலறையிலிருந்து புதுப் பாத்திரம் முழுதாக மாற்றப்படுவதைக் கண்ணால் பார்த்தால் அதில் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் உறையிட்ட பொருளும், முழுப் பழமும், நீங்கள் கேட்ட பிறகு எதிரில் செய்து தருவதும் போதும்.

கேள்வி: இவ்வளவு பெரிய லவுஞ்சில் ஓர் அடுப்பு வைத்துச் சமைக்கக் கூடாதா?

பல விமான நிலையக் கட்டடங்களில் எரிவாயு அடுப்புக்குத் தீப்பாதுகாப்பு அனுமதி கிடைப்பது கடினம். புகைபோக்கிக் குழாய் போட இடமிருப்பதும் அரிது. பாதுகாப்புச் சோதனை தாண்டிய பகுதி என்பதால் கத்தி, பொருள்கள், ஆட்கள் எல்லாவற்றுக்கும் தனிச் சோதனையும் கணக்கும் உண்டு. எனவே வெளியே ஒரு பெரிய சமையலறையில் சமைத்து, விரைவாகக் குளிரவைத்து, குளிர் வண்டியில் கொண்டுவந்து, லவுஞ்சில் மின் அடுப்பில் சூடாக்குகிறார்கள். இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். பிரிட்டனின் வழிகாட்டுதலில் உள்ளபடி ஒன்றரை மணி நேரத்துக்குள் 3 டிகிரிக்கு அருகில் குளிரவைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்தினால், அவசரமாகக் கொதிக்கவைத்த உணவைவிட அது பாதுகாப்பானது. குழம்பு, சூப், வேகவைத்த பருப்பு போன்றவை இந்த முறையைத் தாங்கும். மொறுமொறுப்பாக இருக்க வேண்டியவை தாங்காது. பொரித்ததைச் சூடாக்கி வைக்கும் லவுஞ்சில், பட்டியல் எழுதியவருக்குச் சமையல் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது? பெயர் அட்டையில் எதுவும் எழுதியிருப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, உறையிடாமல் பரிமாறும் உணவுக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவல் தரப்பட வேண்டும் என்பது சட்டம். வேறிடங்களில் விதி வேறாக இருக்கும். எந்த இடமானாலும் ஒரு சிக்கல் பொது: பொதுக் கரண்டி. ஒருவர் முந்திரி கலந்த உணவில் போட்ட கரண்டியைப் பக்கத்துப் பாத்திரத்தில் வைத்துவிட்டால், அட்டையில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயில் எடுக்காமல், சமையலறையிலிருந்து தனியாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் மறுத்தால் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ஒப்பந்ததாரரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

சில சமயம் சரியாகும். ஆனால் அவசரத்தில் மாற்றினால் இருந்ததும் போய்விடும். தென்கொரியாவில் 2018-இல் நடந்தது, லவுஞ்சைப் பற்றியதல்ல என்றாலும், இந்தக் கேள்விக்கு நேரடியான பதில். ஏசியானா ஏர்லைன்ஸ் பல ஆண்டுகளாக உணவு வழங்கிவந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஜூன் இறுதியோடு முடித்துக்கொண்டது. புதிதாக வரவிருந்த நிறுவனத்தின் சமையல் ஆலை கட்டிக்கொண்டிருந்த நிலையில் மார்ச் மாதம் தீப்பிடித்தது. இடைக்கால ஏற்பாடாக, நாளொன்றுக்குச் சுமார் 3,000 பேருக்குச் சமைத்துப் பழகிய ஒரு சிறு நிறுவனத்திடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உணவுகளுக்கான பொறுப்பு போய்ச் சேர்ந்தது. ஜூலை 1 முதல் விமானங்கள் உணவுக்காகக் காத்து நின்று தாமதமாயின. பல விமானங்கள் உணவே இல்லாமல் கிளம்பின. அந்த நெருக்கடியின் நடுவில், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தலைவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. தேதி மாறாது, அளவு குறையாது, அபராதம் மட்டும் உண்டு என்ற நிலையில் ஒரு மனிதர் தனியாக நின்றிருக்கிறார்.

விலையை இறுக்குவதால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் ஹீத்ரோ ஓர் உதாரணம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் சமையல் பிரிவை 1997-இல் கேட் கோர்மே நிறுவனத்துக்கு விற்றது. நட்டத்தில் ஓடுவதாகச் சொன்ன அந்த நிறுவனம் 2005 ஆகஸ்டில் 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நீக்கியது. அவர்களுக்கு ஆதரவாக விமான நிறுவனத்தின் தரைப்பணியாளர்கள் வேலையை நிறுத்த, லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். அதன் பிறகே ஒப்பந்தத் தொகையைத் திருத்தி எழுதினார்கள்.

கேள்வி: நான் ஒரு லவுஞ்சில் மேலாளர். அடுத்த ஆண்டு கேட்டரிங் டெண்டர் வருகிறது. மேலிடம் குறைந்த விலைக்குக் கொடுப்பவரைத்தான் எடுக்கும். என் கையில் இருப்பது நிபந்தனைகளை எழுதும் வேலை மட்டும். எதையெல்லாம் எழுதலாம்?

உங்கள் கையில் இருப்பதுதான் பெரிய வேலை. குறைந்த விலைதான் வெல்லும் என்றால், எதற்கான விலை என்பதை இறுக்கமாக எழுதுங்கள்.

உணவு வகைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு கிராம், அதில் புரதப் பொருள் எவ்வளவு, பழம் எத்தனை வகை, சாறு எப்படிப்பட்டது என்று எழுதுங்கள். பட்டியல் இரண்டு வாரத்துக்கொரு முறை சுழன்றால், அடிக்கடி பறப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் அதே உணவைப் பார்க்க மாட்டார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனி விலையும், அதற்கேற்ற பணியாளர் எண்ணிக்கையும் கேளுங்கள். எதிர்பாராத கூட்டம் வந்தால் இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாது. மளிகை விலை உயர்ந்தால் ஆண்டுக்கொரு முறை தொகையைத் திருத்த, இரு தரப்பும் ஏற்கும் ஒரு பொது விலைக் குறியீட்டைக் குறிப்பிடுங்கள். குறைந்த விலை கேட்டு நுழைந்துவிட்டுப் பிறகு தட்டில் கைவைப்பதைத் தடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

உணவுப் பாதுகாப்புக்கு ‘சர்வதேசத் தரத்தைப் பின்பற்ற வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. அப்படிப் பலரும் குறிப்பிடும் ஹெச்ஏசிசிபி (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறை, 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. செய்து முடித்த உணவைச் சோதிப்பதைவிட, எந்தக் கட்டத்தில் தவறு நேரக்கூடும் என்று முன்பே கண்டுபிடித்து அந்தக் கட்டத்தைக் காவல் காப்பது அதன் சாரம். உங்கள் லவுஞ்சில் அந்தக் கட்டங்கள் எவை என்று ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுதுங்கள்: வண்டியிலிருந்து இறக்கும் நேரம், மறுசூடேற்றம், பாத்திரத்தில் இருக்கும் நேரம். பாத்திரத்தை முழுதாக மாற்ற வேண்டும், மேலே கொட்டக் கூடாது என்பது தனி நிபந்தனையாக இருக்கட்டும். கையால் எழுதும் பதிவுக்குப் பதில், தானே நேரத்தோடு பதியும் வெப்பமானியைக் கேளுங்கள். பரிமாறிய ஒவ்வொரு உணவிலும் ஒரு மாதிரியைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். யாராவது நோயுற்றால் காரணத்தைத் தேட அது ஒன்றே துணை.

அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய அபராதம் எழுதினால் யாரும் அதை விதிக்க மாட்டார்கள், உறவு கெட்டுவிடும் என்று விட்டுவிடுவார்கள். சிறிய, தவறாமல் கழிக்கப்படும் தொகை போதும். அதோடு, நன்றாகச் செய்த மாதத்துக்கு ஒரு சிறு ஊக்கத்தொகையும் வையுங்கள். முன்னறிவிப்பில்லாமல் அதிகாலை ஐந்து மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் சோதனைக்குப் போகும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். பகல் பதினோரு மணிக்கு வரும் ஆய்வாளருக்கு எல்லா லவுஞ்சும் சுத்தமாகத்தான் இருக்கும்.

கேள்வி: புகார் எழுதிப் பயனுண்டா?

‘சாப்பாடு மோசம்’ என்று எழுதினால் பயனில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் வரும், அவ்வளவுதான். நாள், நேரம், உணவின் பெயர், என்ன கண்டீர்கள் என்பது, முடிந்தால் ஒரு படம்: இவ்வளவும் இருந்தால் அந்தப் புகார், மாதாந்திர ஒப்பந்தக் கூட்டத்தில் மேசைமேல் வைக்கத் தகுந்த ஆவணமாகிவிடும். அதைக் கார்டு கொடுத்த வங்கிக்கும், பெயர்ப்பலகை வைத்த நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். உடல்நலம் கெட்டிருந்தால் அந்த ஊரின் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதுங்கள். நன்றாக இருந்த நாளிலும் இரண்டு வரி எழுதுங்கள். ஊக்கத்தொகை நிபந்தனை உள்ள இடங்களில், அடுப்படியில் நிற்பவர்களின் கையில் அந்த இரண்டு வரி போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன்.